ஏகாதசியன்று நீட்டிய டம்ளர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள் ஒரே போராட்டம். நான் எட்டாவது வரை படித்தவள். விளக்கேற்றிச் சேவித்துவிட்டு நோட்டைத் திறப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். இன்று கிழிக்கப் போவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் எங்கள் தெரு. அதன் கோடியில் காலனி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், யார் குடம் முதலில் என்று தொடங்கிய சண்டை ஆண்கள் கம்பெடுக்கும் வரை போய்விட்டது. பக்கத்துக்கு நாலு பேர் மேல் கேஸ். எங்கள் தெருக்காரர்கள் குழாயைச் சுற்றி முள் அடைத்தார்கள். காலனிப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி இறைத்தார்கள்.

அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் இருந்தார். "உங்க தெருவுல நீங்க பேசுங்க, காலனியில நான் பேசறேன்" என்றார். இரண்டு மாதம் வாசல் வாசலாக ஏறி இறங்கினோம். அவர் எனக்குப் போட்டது ஒரே ஒரு கட்டளைதான்: போன வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதலில் வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

காலனியில் ஒரு அம்மாளின் மகன் மேலும் கேஸ் இருந்தது. அவனுக்கு அரசாங்க ஆபீஸில் பியூன் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. கேஸ் தீராமல் சேர்க்க மாட்டார்கள். அந்த வாரத்துக்குள் சேர வேண்டும். திங்கட்கிழமை எட்டுப் பேரும் கோர்ட்டில் நின்று ராஜி, சமாதானமாகப் போகிறோம் என்று சொன்னால் போதும். எங்கள் தெரு நாலு பேரும் சம்மதித்துவிட்டார்கள். காலனிக்காரர்களோ, ஊர்த்தெருவிலிருந்து ஒருவராவது நேரில் வந்து கேட்கட்டும் என்றார்கள். ஞாயிறு சாயங்காலம் டீச்சருடன் நான் போனேன். அந்தத் தெருவில் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

அன்று ஏகாதசி. ஏகாதசியன்று துளித் தண்ணீரும் பல்லில் படாமல் இருப்பது என் வழக்கம்.

அந்த அம்மாளின் வீட்டில் கேஸில் இருந்த நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். டீச்சர் மடமடவென்று குடித்தார். நான் கையை நீட்டவில்லை.

"இன்னிக்கு ஏகாதசிங்க. நான் தண்ணி குடிக்கிறதில்லை" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. கேஸில் இருந்த இன்னொருவர் சிரித்தார். "எங்க தெருவுக்குள்ள வந்தா ஊர்த்தெருக்காரங்களுக்கு வருஷம் முச்சூடும் ஏகாதசிதானே! டம்ளரை உள்ள கொண்டு வை, அக்கா. தேய்க்கிற வேலையாவது மிச்சம்."

"விடுங்க மாமா" என்றான் மகன். அதற்குள் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். நாளைக்குக் கோர்ட்டுக்கு யாரும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தத் தண்ணியைக் குடிச்சா உங்க பெருமாள் கோவிச்சுக்குவாராம்மா?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. துவாதசி விடிந்ததும் விரதம் முடிக்காமல், துளசி தீர்த்தம்கூட எடுக்காமல், அந்த வீட்டுக்கு ஓடினேன். அந்த அம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் தண்ணி கொடுங்கம்மா. விரதத்தை இங்கதான் முடிக்கணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்க் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நேத்தே குடிச்சிருக்கலாமேம்மா. எம்புள்ளை வீட்டுலதான் இருக்கான். மத்த மூணு பேரும் விடியறதுக்கு முன்னாடியே மண்டிக்கு வாழைத்தார் எறக்கப் போயிட்டாங்க."

டீச்சர் பஸ் பிடித்து மண்டிக்குப் போய்த் தேடினார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு லாரியில் இருந்தார்கள். கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் கோர்ட்டில் கூப்பிட்டு முடித்து, ஒரு மாதம் வாய்தா போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் எட்டுப் பேரும் வந்தார்கள், ராஜியானது, முள்ளையும் எடுத்தார்கள். ஆனால் பியூன் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த அம்மாளின் மகனும் மண்டிக்கே தார் இறக்கப் போனான்.

எங்கள் பஜனைக் கூட்டத்தில் இப்போது இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். காலனித் தண்ணீரில் நான் விரதம் முடித்தேனாம், அன்றைக்கே சண்டை தீர்ந்ததாம். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. அன்று ஏகாதசியாக இல்லாவிட்டால் அந்த டம்ளரை வாங்கியிருப்பேனா? ரெங்கநாதர் முன்னால் நின்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். வாங்கியிருப்பேன் என்று துணிந்து சொல்ல வாய் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். துவாதசியை மட்டும் சொல்லி ஏகாதசியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேலை போனதையும் சேர்த்து, நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.