மண்டபத்து வாசலில் தூஜா வரிசை

செடி விற்கிறவர்களுக்குச் செடியால் வருகிற தொல்லை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் வழியாக வந்து சேரும். கடை திறந்து உட்கார்ந்து பேரம் பேசிப் பிழைக்கிற யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. என்னைப் போல அடிபட்டவர்கள் படித்துவிட்டுக் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், பெருமுக்கலுக்கு முன்னால் என் நர்சரி. வானூர் பக்கம் கட்டட வேலையில் கலவை தூக்கினேன். பிறகு ஒரு நர்சரியில் செடிக் கவரில் மண் அடைத்தேன். அங்கே திட்டு வாங்கி வாங்கியே தொழில் கற்றேன். படிப்பு கம்மி, கோபம் ஜாஸ்தி. ரோஜா, மல்லி, குரோட்டன்ஸ் எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனால் என்னைக் கரையேற்றியது தூஜா. ஊசியிலை மரங்களின் சாதியில் குட்டை ரகம். ஆள் உயரத்துக்குள் நின்றுவிடும், வருஷம் முழுக்கப் பச்சை, யாரும் செதுக்காமலே முட்டை வடிவில் நிற்கும்.

கழிக்கு ஆகாத சவுக்கு

எங்கள் ரோட்டில் நாள் முழுக்கச் சவுக்குக் கழி ஏற்றிய லாரி போகும். அப்படிப்பட்ட இடத்தில் தூஜாவைத் தொட்டியில் வைத்து விலை சொன்னால் என்ன ஆகும்? கடை போட்ட முதல் வாரமே, மொபெட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். "இன்னாம்மா, சவுக்குக் கன்னத் தொட்டில வெச்சிக்கினு வெல சொல்ற?" என்றார். இது சவுக்கு இல்லை, அழகுக்கு வைக்கிற செடி என்றேன். "எத்தினி வருசத்துல கழி வெட்டலாம்?" வெட்டவே கூடாது, பச்சையைத் தாண்டி உள்கட்டைவரை வெட்டினால் திரும்பத் துளிர்க்காது என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா மூட்டைய எடுத்துக்கினு ஜல்தியா கெளம்புங்க" என்று விரட்டிவிட்டேன்.

அவர் சும்மா போகவில்லை. ரோட்டோரம் ஒருத்தி சவுக்கைத் தொட்டியில் வைத்து விற்கிறாள் என்று ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கிச் சொல்லியிருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு செடியாவது வாங்கிக்கொண்டு போனார்கள். போர்டு எழுதவே வழியில்லாத நேரத்தில் எனக்கு யார் இப்படி விளம்பரம் செய்வார்கள்? அடுத்த தடவை அவர் அந்தப் பக்கம் வந்தபோது உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து, தூஜாவின் தலையை இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எல்லாம் சரிம்மா, அழக வெச்சி அடுப்பு எரிக்க முடியுமா?"

டி.வி. பக்கத்துப் பச்சை

வளவனூரிலிருந்து ஒரு டீச்சர் வந்து ஒரு தூஜா வாங்கினார். வெயிலில் வையுங்கள் என்று மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பினேன். அவர் வீட்டு ஹாலில், டி.வி. பக்கத்தில், ஏ.சி.க்கு நேராக வைத்துவிட்டார். அவ்வப்போது போனில் படம் அனுப்புவார். பச்சைப் பசேல் என்று இருக்கும். நானும் "சூப்பரா இருக்குது டீச்சர்" என்று பதில் போடுவேன்.

ஒருநாள் தொட்டியோடு வந்து இறங்கினார். தூசி துடைக்கலாம் என்று துணியை வைத்தாராம், இலையெல்லாம் கையோடு உதிர்ந்ததாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். தெரியவில்லை. செத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. இந்தச் சாதிச் செடிகளின் குணம் அது. உயிர் போன பிறகும் பல வாரம் நிறம் போகாது. அந்தப் படங்களில் பாதி செத்த செடியின் படம். பாராட்டியது நான்! அவர் சண்டைக்கு வந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவரோ வேறு செடி எடுத்துக்கொண்டு, வெயிலில் வைப்பதாகச் சொல்லி, போகிறபோது ரொம்ப வருத்தமாகக் கேட்டார்: "செத்துப்போன தகவலையாவது சொல்லக் கூடாதாங்க இது?"

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி

விழுப்புரத்தில் கல்யாண மண்டபம் கட்டிய ஒருவர், கரும்பு போட்டுச் சம்பாதித்தவர், என் தூஜாவை எங்கேயோ பார்த்துவிட்டு வந்தார். கேட்டிலிருந்து மண்டபப் படிவரை ரெண்டு பக்கமும் வரிசையாக வேண்டும், பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் நடந்து வர போட்டோ எடுக்க வேண்டும். அவர் ஒரு விலை சொன்னார், நான் செடிகளை மூடுகிற பச்சை வலையை இழுத்துவிட்டேன். அவர் காரில் ஏறினார், நான் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். அவர் இறங்கி வந்தார். அரை நாள் போனது. கடைசியில் செடியும் என்னுடையது, பராமரிப்பும் என்னுடையது என்று முடிந்தது.

என் தோட்டத்தில் வருஷக்கணக்காக வளர்ந்த பெரிய செடி அத்தனையும் அந்த ரெண்டு வரிசைக்குப் போயிற்று. வரிசை நின்றால் விழுப்புரம் முழுக்க எனக்கு வேலை. நிற்காவிட்டால் மறுபடி கலவைச் சட்டிதான். தினம் விடிகிற நேரத்தில் வந்து தண்ணீர் விட்டுப் போக மேரியக்காவை வைத்தேன். வானூரில் என்னோடு கலவை தூக்கியவர்; எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் என் சட்டியையும் சேர்த்துச் சுமந்தவர். மண்டபத்துக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஒரு பக்கம் தாட்டியா, ஒரு பக்கம் நோஞ்சானா நின்னுச்சின்னா அன்னிக்கே புடுங்கி ரோட்ல போட்ருவேன், ஆமா."

புரட்டாசி

ஆவணி முழுக்க மண்டபத்தில் முகூர்த்தம் நிற்கவில்லை. தூஜாவும் ஜம்மென்று நின்றது. புரட்டாசி பிறந்தது. கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டு. அப்போது பார்த்து, இடது வரிசையின் கடைசி நாலு செடி, சமையல்கட்டுச் சுவர் ஓரம் இருந்தவை, பழுப்பாகிக் காய்ந்தன. வலது வரிசைக்கு ஒரு குறையும் இல்லை.

மண்டபத்துக்காரர் கணக்குப் போட்டார். பூட்டிய மண்டபத்துக்குள் யார் வந்தது? மேரியக்கா மட்டும்தான். அப்படியென்றால் ஒரு பக்கம் தண்ணீர் விட்டு ஒரு பக்கம் விடவில்லை. அவரை நிறுத்து, செடியை எடு என்றார். நான் கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும். கோபத்தில் கத்தினாலும் பேரம் மறக்கவில்லை. ஐப்பசி முதல் முகூர்த்தம்வரை டைம் கொடுங்கள், காரணத்தை நானே காட்டுகிறேன், காட்டாவிட்டால் செடியும் போகட்டும் நாங்கள் ரெண்டு பேரும் போகிறோம் என்றேன். மேரியக்கா கையில் ஹோஸோடு நின்றார். தண்ணீரை நிறுத்தக்கூட இல்லை. "தண்ணி ஊத்தாம வேல போனவங்களப் பாத்துக்கீறேன் சுமதி. ஊத்திக்கினு இருக்கும்போதே போறத இப்பதான் பாக்கறேன்."

பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?

காரணம் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே ஒன்றும் தெரியாது. மண்ணைக் கிளறினேன், பூச்சி தேடினேன், நாயைச் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் வளவனூர் டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். காய்ந்தது தெரிந்தது புரட்டாசியில். உயிர் போனது எப்போது? செத்த பிறகும் பச்சையாக நிற்கிற செடிக்குச் சாவு ஆவணியிலேயே வந்திருக்கும். ஆவணியில் மண்டபம் பூட்டியா இருந்தது? தொட்டியோடு அவர் வந்து நிற்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது. மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். யார் கல்யாணம் என்றே தெரியாது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு இடது வரிசை தெரிகிற மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி அம்மா என்னையே பார்த்தார். தாலி கட்டும்போது எல்லாரும் மேடையைப் பார்க்க, நான் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: செடி வீடு. அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மாப்ளைக்கு சித்தி மொற போலக்குது, கோவமா ஒக்காந்துகினு கீது."

அண்டா

பந்தி போடப் போகிற நேரம் சமையல்கட்டுக் கதவு திறந்தது. ரெண்டு பேர் ஆவி பறக்கிற அண்டாவைத் தூக்கி வந்து, அந்த நாலு செடிகளின் வேரடியில் சாய்த்தார்கள். சாதம் வடித்த கஞ்சி, கொதிக்கக் கொதிக்க! பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். தலைமைச் சமையல்காரர் கோதண்டம் வெளியே வந்தார். நான் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் மூச்சு வாங்குகிறவரை பொறுமையாக நின்றார்.

கழிவுநீர்க் கால்வாயை எச்சில் இலை அடைத்துக்கொண்டிருந்ததாம். அதனால் ஆவணியில் இருந்தே சுவர் ஓரத்தில் ஊற்றியிருக்கிறார்கள். அதை மட்டும் சொல்லியிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். ஆனால் கஞ்சியை வீணாக்க மனசு வராமல், தேடிப் பார்த்துச் செடிக்கு ஊற்றச் சொன்னது அவரேதான். மிச்சச் செடிக்கெல்லாம் கொடுக்க முடியவில்லையே என்று அவருக்குக் குறை வேறு. வேர் வெந்துபோச்சு ஐயா என்றேன். அவர் அந்த நாலு பழுப்புச் செடிகளையும் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. பாதிக் கோபத்தோடு நின்ற என்னிடம் சொன்னார்: "கஞ்சி குடிச்சி வளந்த ஒடம்பும்மா இது. அதுக்கும் ஆவும்னு நெனச்சிட்டேன்."

சமம்

மண்டபத்துக்காரரைக் கையோடு கூட்டி வந்து காட்டினேன். கோதண்டம் எதையும் மறைக்கவில்லை. ஊற்றச் சொன்னது நான்தான், தண்ணி ஊத்தற அம்மா மேல பழி போடாதீங்க என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பயந்துகொண்டு தலையை ஆட்டி மறுத்திருந்தால் மேரியக்காவுக்கு அன்றோடு வேலை போயிருக்கும். அந்த மனுஷனுக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் செடி செத்தது செத்ததுதான். அதே உயரத்தில் வைக்க என் தோட்டத்தில் வேறு செடி இல்லை. "எனக்கு ஒரே மாதிரி வேணும்" என்றார் மண்டபத்துக்காரர். சரி, ஒரே மாதிரி ஆக்கிவிடுகிறேன் என்றேன். இடது பக்கம் செத்த நாலைப் பிடுங்கினேன். வலது பக்கக் கடைசியில் நன்றாக இருந்த நாலை வேர்மண் சிதறாமல் பெயர்த்து, கேட்டுக்கு வெளியே, பக்கத்துக்கு ரெண்டாக நட்டேன். ரெண்டு வரிசையும் கொஞ்சம் குட்டையாயிற்று, ஆனால் சமம். ரோட்டிலேயே பச்சை தெரிகிறது, படி ஓரம் காலியான இடத்தில் குடும்பத்தோடு நின்று போட்டோ எடுக்கலாம், இதுதான் அழகு என்று அடித்துச் சொன்னேன். மேரியக்கா இருப்பார், கால்வாயைச் சுத்தம் செய்து தர வேண்டியது உங்கள் பொறுப்பு என்று ரெண்டையும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டேன். அவர் கேட்டுவரை நடந்தார், திரும்பி வந்தார், இன்னொரு தடவை நடந்தார். தன் பெட்ரோல் பங்க் வாசலுக்கும் ஒரு வரிசை வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டு, காரில் ஏறும்போது மேரியக்காவைப் பார்த்துச் சொன்னார்: "செடியக் கொறச்சிட்டு அழகு கூடிச்சின்னு சொல்லுது பாரு ஒரு வாயி, அதையும் ஒரு தொட்டில வெச்சி வித்துடும் இந்தம்மா."

இப்போது முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பெயர் தெரியாத பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அட்சதை போட்டு, கோதண்டம் தன் கையாலேயே பரிமாற வயிறாரச் சாப்பிட்டு, அப்புறம் செடியைப் பார்க்கப் போகிற உத்தியோகம் இந்த ஜில்லாவிலேயே எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது, அதுவும் இந்தக் கோபத்தால்தான் என்பதால், என் கோபத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள் முதலில் என்னோடு ஒரு பந்தியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.