உயரமான பட்டையைப் பார்த்து அழுத்திய விடை

செங்கல்பட்டு அருகே ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் கையிலுள்ள கிளிக்கர் என்ற சிறு கருவியில் விடையை அழுத்த அழுத்த, வகுப்புத் திரையில் ஒவ்வொரு விடைக்குமான பட்டை உயரும்.

"சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருந்தால், அணைத்தபின் பல்பு ஹோல்டருக்குள் தொடலாமா?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் 'கூடாது' என்று அழுத்தினார்கள். அதுதான் சரி; சுவிட்சை அணைத்தாலும் ஃபேஸ் கம்பி வழியாக ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். புரிந்துவிட்டது என்று நம்பினேன்.

மறுநாள் ஆய்வகத்தில் அதே இணைப்பு. மூர்த்தி என்ற மாணவன் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டருக்குள் விரலைக் கொண்டுபோனான். பாய்ந்து மெயினை அணைத்தேன்.

"நேத்து கூடாதுன்னுதானே அமுக்கின?"

"எந்தப் பட்டை ஒசரமா போச்சோ அதையே அமுக்கினேன் மிஸ்."

"நாங்க மட்டும் இன்னா, அதேதான்!" என்றது பின்வரிசை.

இப்போது எல்லோரும் அழுத்தி முடிக்கும்வரை திரையை மறைத்து வைக்கிறேன். விடைகள் சிதறினால், பக்கத்திலிருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். காரணத்தையும் சொன்ன பிறகுதான் ஆய்வகத்துக்குள் விடுகிறேன்.