நாற்பது செபமாலைச் சுருள்

செத்துப்போன மனைவி யோசப்பினுக்கு எட்டாம் நாள் பூசை முடிந்த கையோடு கனிசியஸ் வேலைக்குப் போனார். குருநகர்ச் சனம் மூக்கில் விரலை வைத்தது. "உவனுக்கென்ன நெஞ்சிலை கல்லே?" என்று கேட்டார்கள். கல்லென்றாலும் வெயிலுக்குச் சுடும். மனுசனுக்கு ஒன்றுமே இல்லை. கோயில் வாசலில் விழுந்து வெடித்த செல் குண்டு யோசப்பினைக் கொண்டுபோனது. அதைக்கூட பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் பௌதிகவியல் ஆய்வுகூடத்து உதவியாளர். விரிவுரையாளர் தில்லைநாதன் வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகும்போது கனிசியஸ் கையில் விட்டுப்போனது ஒரு நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே ஆர்கன் வாயு, வெளியே செப்புப் பட்டை. பட்டையில் வானொலி அலையைக் கொடுத்தால் வாயு மங்கலாக ஒளிரும். அலையின் வலுவைக் கூட்டக் கூட்ட அசையாமல் கிடந்துவிட்டுத் திடீரென்று ஒரு பாய்ச்சல், குழாய் முழுக்க வெளிச்சம். இதற்கு மேலே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. ஹெலிக்கன் என்பார்கள். சுற்றிவரக் காந்தம் போதியளவு இருந்தால் மட்டும் குழாயின் நடுவே நெடுக நீலத் தண்டு ஒன்று எழும்பும். அதுதான் ஒருநாளும் வரவில்லை.

காந்தத்துக்குக் கம்பிச் சுருள் வேண்டும். யோசப்பின் இருந்த காலத்திலேயே, எரிந்த ட்ரான்ஸ்போமரில் உரித்த கம்பியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். யோசப்பின் பின்னேரச் செபத்தோடு, உருளையின் கைப்பிடியைச் சுழற்றிக் கம்பியைச் சுற்றினாள்.

"ஒரு 'அருள் நிறைந்த மரியே'க்கு ஒரு சுத்து. விளங்கிச்சோ?" என்றார் கனிசியஸ்.

"ஓம், ஓம். எனக்கு எண்ணத் தெரியாதோ?"

நாளுக்கு ஒரு செபமாலை, பத்துப் பத்தாக ஐந்து தரம், ஐம்பது சுற்று. நாற்பது நாள். இரண்டாயிரம் என்று கனிசியஸ் கொப்பியில் எழுதினார். அதைப் பூட்டிப் பார்க்குமுன் மின்சாரம் போயிற்று. பிறகு யோசப்பினும் போனாள்.

தொண்ணூற்றொன்றில் சுருளைப் பூட்டி, மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரை அரைமணி நேரம் கேட்டு வாங்கினார். நீலத் தண்டு வந்தது! எத்தனை வருடத்து ஆசை! கனிசியஸ் மீற்றரைப் பார்த்து எழுதினார், நிற்பாட்டினார், கை கழுவினார். அளவுகளைத் தில்லைநாதனுக்குத் தபாலில் போட்டார். அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்துத் தில்லைநாதனின் கடிதம் வந்தது. "நீலம் வந்த இடத்திலை, சுத்தைக் கொண்டு நீங்கள் கணிச்ச காந்த அளவு வரவேண்டியதிலும் பத்திலை ஒரு பங்கு மட்டிலை குறையுது. சுத்து எண்ணினது பிழையெண்டு நினைக்கிறன். திருத்தாட்டி அந்த அளவைப் பாவிக்கேலாது."

கடிதத்தை அவர் மேசையில் அடித்தார். "யோசப்பின் பிழையா எண்ணினவளோ!"

பிழை இல்லை என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. சுருளைக் குலைத்து எண்ண வேண்டும். யோசப்பினின் தமக்கை லூர்த்தம்மா குறுக்கே நின்றாள். "அவளின்ரை கைபட்டதெண்டு உது ஒண்டுதான் மிச்சம். அதையும் குலைக்கப் போறீரோ?"

"அவளுக்குத்தானக்கா குலைக்கிறன்."

பலகையில் பத்துப் பத்தாகக் கோடு கீறிக் கீறிக் குலைத்தார். இரண்டாயிரம் வந்தது. கம்பி முடியவில்லை. இன்னும் இருநூறு சுற்று இருந்தது.

அப்போ பிழைதான். ஊரும் உலகமும் பொய்த்தாலும் அவள் கணக்குப் பொய்க்காது என்றிருந்த மனுசன், கம்பிக் குவியலுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார்.

லூர்த்தம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. "விடும். நான் சுத்தித் தாறன்," என்று தங்கையின் செபமாலையை எடுத்தாள். ஒரு கையில் மணி, மறு கையில் கைப்பிடி. அருள் நிறைந்த மரியே, ஒரு சுற்று. அருள் நிறைந்த மரியே, இன்னொன்று. பத்து முடிந்தது. "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினாள். கைப்பிடி நிற்கவில்லை, அதற்கும் ஒரு சுற்றுப் போயிற்று.

"அக்கா! அதுக்கேன் சுத்தினனீங்கள்?"

"செபத்துக்கு நடுவிலை ஆரும் கையை நிப்பாட்டுவினமே?"

பத்து மரியேக்கு ஒரு பிதா, மாலைக்கு ஐந்து, நாற்பது நாளைக்கு இருநூறு. கனிசியஸ் வாய்விட்டு எண்ணிப் பார்த்தார். அவள் ஒன்றைக்கூட விடவில்லை. பிதாவுக்கு நிற்பாட்டு என்று சொல்லாமல் விட்டவர் அவர்தான்.

"சுத்துங்கோ அக்கா, நிப்பாட்டாதேங்கோ," என்றார். எட்டாம் நாளிலும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. குழந்தைப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதார். லூர்த்தம்மா செபத்தையும் விடவில்லை, கைப்பிடியையும் விடவில்லை.