குப்பை இல்லாத ஊரின் குப்பை வண்டி

கிராமங்களில் தூய்மைப் பணி நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எந்த ஊரில் எவ்வளவு மட்கும் குப்பை, எவ்வளவு மட்காத குப்பை என்று மாதாமாதம் கணினியில் ஏற்ற வேண்டும். கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர்தான் என் உயிரை எடுத்தது. அங்கே காய்த்தோலை ஆடு தின்றுவிடும். மீந்த கூழ் நாய்க்கு. பாட்டில் கிடைத்தால் கழுவித் தேன் ஊற்றிவைப்பார்கள்.

சைபர் என்று போட்டால் கணினி வாங்காது. பொய்க்கணக்கு எழுத எனக்குக் கை வராது. கோபத்தில் காலியாகவே விட்டேன். ‘பணி நடைபெறாத ஊர்’ என்று மேலிடம் முடிவுகட்டி, அந்த ஊரின் பேட்டரிக் குப்பை வண்டியை வேறு ஊருக்கு மாற்றப் போவதாகவும், முன்னதாக அதிகாரி நேரில் பார்ப்பார் என்றும் ஓலை அனுப்பியது.

அந்த வண்டியில் குப்பை ஏறியதில்லைதான். ராகி மூட்டை ஏறும், நடக்க முடியாதவர்கள் ஏறுவார்கள். ஓட்டுகிற தூய்மைக் காவலர் அக்காவின் மகளுக்கு அப்போது நிறைமாதம்.

“வலி எட்த்தா ஆம்புலன்சு வர்ற ரோட்டுக்கு இதுலதான் மேடம் கூட்டிக்கினு போவணும். வண்டிய தூக்கினு பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?” என்றார் போனில்.

ஆய்வு நாளன்று திருக்கோவிலூரில் என் வீட்டுக் குப்பையையும் பக்கத்து வீட்டுக் குப்பையையும் இரண்டு சாக்கில் கட்டி பஸ் ஏறினேன். மலைப் பஸ்ஸில் கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு, லக்கேஜ் போட்டார். ஊருக்குக் குப்பை கொண்டுபோகிறேன் என்று சொல்ல மானம் இடம் தரவில்லை.

குப்பைக் கொட்டகை முன்னால் சாக்கை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் தரை துடைத்த மாதிரி இருந்தது.

“ஆடு துன்னுட்ச்சி மேடம்,” என்றார் அக்கா.

“பாட்டிலு?”

“நல்ல பாட்டிலுன்னு ஆளுக்கு ரெண்டா எடுத்துக்கினாங்க.”

ஆட்டைத் திட்டுவதா ஊரைத் திட்டுவதா என்று தெரியாமல் நான் நின்றபோது ஜீப் வந்துவிட்டது. அதிகாரி காலிக் கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்,” என்றார். அந்தக் குரலிலேயே வண்டி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மரத்தடியில் பிரியாணிப் பொட்டலங்கள் பிரிந்தன. எலும்பு, வெங்காயம், பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர் பாட்டில், டிஷ்யூ என்று நாலு பேர் சாப்பிட்டதில் அந்த ஊர் ஒரு வருஷத்தில் காணாத குப்பை சேர்ந்தது. அக்கா கையுறை மாட்டி, ஆடுகளை விரட்டியபடியே, மட்கும் குப்பை பச்சைத் தொட்டியிலும் மட்காதது நீலத் தொட்டியிலுமாகப் பிரித்து, நிறுத்து, வண்டியில் ஏற்றினார். அதிகாரி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

“வேலை நடக்கத்தான் செய்யுது,” என்றார். வண்டி தப்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தார். “பொண்ணு பொறந்துக்குது மேடம். வண்டியிலதான் ரோட்டுக்கு இட்டாந்தோம். ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க.” அதே மூச்சில், “இந்த மாசக் குப்பைக்கு இன்னா மேடம் பண்றது?” என்றார்.

ஆய்வு என்றாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் அன்றே மேலிடத்துக்கு எழுதினேன்: இந்த ஊருக்கு மாதம் ஒருமுறை ஆய்வு அவசியம், கூடுமானவரை மதிய உணவு நேரத்தில்.