எரியாத பச்சை விளக்கு

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒன்பது வருடம் மூட்டை ஏற்றினேன். கேட்டில் கார்டு மெஷின் வைத்த பிறகும், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பழையபடி லாரி கேட் வழியாகவே வெளியேறிவிடுவேன். போகும்போதும் கார்டைத் தேய்க்காவிட்டால் கம்ப்யூட்டர் ஆப்சென்ட் போட்டுவிடும் என்று தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலை கார்டைத் தேய்த்தபோது மெஷினில் பச்சை விளக்கு எரியவில்லை. செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்தார்.

“பத்து நாளா நீங்க வரலைன்னு காட்டுதுண்ணே. பேரை எடுத்துட்டாங்க.”

“சனிக்கிழமகூட என்கிட்ட பேசினியேப்பா?”

“பேசினேண்ணே,” என்றார். கேட்டைத் திறக்கவில்லை.

கோபம்கூட வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, மதியத்துக்குக் கொண்டுபோன சோற்றைக் காலையிலேயே சாப்பிட்டேன்.

இப்போது பெரம்பலூரில் ஓர் அரிசி ஆலையில் வேலை. அங்கே நோட்டில் கையெழுத்துதான். தினமும் மாலையில், பஸ் போனாலும் பரவாயில்லை என்று, என் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன்.