சுவரை உதைக்கிற ஊர்

முதலில் மன்னிப்பு. வாராவாரம் இந்தப் பக்கத்தில் வலங்கைமான் கொசுவையும் வாய்க்கால் அடைப்பையும் பற்றி எழுதுகிறவள் நான். படிப்பு பத்தாவதோடு சரி. அயர்லாந்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஒன்றும் இல்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மகள் கயல், கால்வே என்ற கடலோர ஊரில் நர்ஸ். அவளைப் பார்க்க வந்திருக்கிறேன். பார்க்க மட்டுமா? 'எப்போது ஊருக்குத் திரும்பி வருகிறாய்?' என்று கேட்டுவிடத்தான் விமானம் ஏறினேன். வந்த நாளிலிருந்து நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்...

இங்கே ஓயாத மழை. குடை விரித்தால் காற்று அதைத் திருப்பிப் போடுகிறது. மேட்டூர் திறப்பார்களா என்று காத்துக் கிடக்கிற ஊர்க்காரிக்கு, கேட்பாரில்லாமல் தண்ணீர் கொட்டினால் எரிச்சல் வருமா, வராதா?

இந்த மழையிலும் ஊரே கடற்கரைப் பாதையில் நடக்கிறது. பாதை முடிகிற இடத்தில் ஒரு சுவர். அதன் அருகே போனதும் – காலைத் தூக்கி ஒரு உதை! உடனே திரும்பி நடக்கிறார்கள். கோட்டு போட்ட பெரியவர், பிள்ளைத்தாய்ச்சி, எல்லோரும்தான்.

போன ஞாயிறு கயலும் உதைத்தாள். முறத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் பிறந்தவள்! நான் சட்டென்று குனிந்து சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"அம்மா! எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சுவரு உன்னை என்னடி பண்ணுச்சு?"

"இங்க பழக்கம்மா. உதைச்சாதான் நடந்ததா கணக்கு."

"ஏனாம்? கேட்டுச் சொல்லு."

நாயோடு நின்றிருந்த ஒருவரிடம் கேட்டாள். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்: "ஒரு காலத்துல இங்க ஆம்பளைங்க மட்டும்தான் குளிக்கலாமாம். அந்தக் கோவத்துல பொம்பளைங்க உதைச்சாங்களாம்."

அவர் மனைவி குறுக்கே புகுந்து, அதெல்லாம் கட்டுக்கதை என்றாராம். தன் அப்பா உதைத்தார், தானும் உதைக்கிறாராம். அவ்வளவுதான் காரணம்!

ஏன் உதைக்கிறோம் என்று ஒரு ஊருக்கே தெரியவில்லை. முறத்தை ஏன் கண்ணில் ஒற்றுகிறோம் என்று கேட்டால் நானும் இதையேதான் சொல்வேன்... அது வேறு விஷயம்.

"வந்த நாள்லேருந்து உதைக்கிறியா?"

"இல்லம்மா. ரெண்டு வருஷம் உதைக்கவே இல்ல. சுவர் வரைக்கும் வந்துட்டு சும்மா திரும்பிடுவேன். ஊருக்குத் திரும்பிப் போறவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"போன பொங்கலுக்கு அப்புறம்... உதைக்க ஆரம்பிச்சேன்."

"ஷூ வாங்கித் தர்றேன்னா கேக்குறியா? சாக்ஸ் மேல ரப்பர் செருப்பு!" என்று திட்டிக்கொண்டே என் கையை இறுகப் பிடித்து அழைத்து வந்தாள்.

அவ்வளவு தூரம் சுமந்து வந்த கேள்வி. கேட்காமலேயே பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் அவள் டியூட்டிக்குப் போனதும் நான் தனியாகப் போனேன். சுவரை உதைத்தேன். செருப்பு வார் அறுந்தது.