பாதி இறக்கிய ஷட்டர்

துணிக்கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு ஷட்டர் இறக்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று நான் திருப்பதியில் ஃப்ளோர் மேனேஜர். அன்று சித்தூர் பஜாரில், சேலை செக்‌ஷனில் சேல்ஸ்மேன்.

வாரத்தில் ஒரு நாள் கடையை மூட வேண்டும் என்பது சட்டம். எங்கள் பஜாருக்கு அது ஞாயிறு. ஆனால் முகூர்த்த சீசனில் ஞாயிறன்றுதான் சுற்றுப்பட்டு ஜனம் ஜவுளி எடுக்க வரும். ஆகவே ஷட்டரைப் பாதி இறக்கி, குனிந்து நுழைபவர்களுக்கு வியாபாரம். என் மனைவி பிரசவத்துக்குப் பலமனேரில் தாய் வீட்டில் இருந்தாள். மகள் பிறந்த அன்று ஓடிப்போய்ப் பார்த்ததோடு சரி. லீவு கேட்டால் முதலாளி, “சீசன் முடியட்டும்டா. கொயந்த எங்கியும் ஓடிடாது” என்பார். கடை மேல் கேஸ் வந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு அவர் சாப்பிடப் போயிருந்தார்; கடையில் நான் மட்டும். வெதுருகுப்பத்துக் கல்யாண வீட்டார் ஐந்து பேர் மெத்தையில் உட்கார்ந்து பட்டுச்சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் லேபர் ஆபீசர் ஜீப். ஷட்டரை உள்ளேயிருந்து தரைவரை இழுத்தேன். விளக்கை அணைத்தேன். ஃபேனையும் அணைத்தேன். ஃபேன் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“இன்னா நைனா, எங்கள உள்ள வெச்சிப் பூட்டிக்கினே?” என்றார் கல்யாணப் பெண்ணின் அத்தை.

“கரண்டு போச்சுக்கா.”

“கரண்டு போனா ஷட்டரும் வுயுமா?”

வெளியே தட்டினார்கள். “ஏமய்யா, உள்ள யாரு?”

“யாரும் இல்ல சார். கடை லீவு” என்றேன், உள்ளேயிருந்து.

“அப்ப வாசல்ல ஆறு ஜோடி செருப்பு?”

மெத்தை விரித்த கடையில் எல்லோரும் செருப்பை வெளியில்தான் விடுவோம். என்னுடையதும் அங்கேதான் இருந்தது.

“நேத்து மறந்துட்டுப் போய்ட்டாங்க சார்.”

“ஆறு பேருமா?”

“ஆமா சார்.”

அத்தை சிரித்துவிட்டார். ஷட்டரைத் தூக்கினேன்.

ஆபீசர் திட்டவில்லை. “ஒனக்கு வார லீவு எந்த நாளு?” என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“கடைசியா எப்ப லீவு எடுத்த?”

“கொயந்த பொறந்த அன்னிக்கு சார், அரை நாளு. இப்ப தல நின்னுடுச்சாம். நான் பாக்கல.”

“ஏமய்யா, நான் வந்ததே ஒன் லீவுக்குத்தான். என்னியே பாத்து ஒளிஞ்சிக்கினு கீற?”

முதலாளி வந்ததும் ஆபீசர் கடை மேல் கேஸ் எழுதினார். “இவனுக்கு வாரம் ஒரு நாள் லீவு. எந்த நாள்னு எழுதி செவுத்துல மாட்டு. அடுத்த வாரம் வருவேன், இவன்கிட்டியேதான் கேப்பேன்” என்றார். அப்படிச் சொன்ன பிறகு என்னை எப்படி நிறுத்துவது? முதலாளி என்னை முறைத்தார். பிறகு, “மொத பஸ்சுல பலமனேர் போய்ட்டு செவ்வாக்கெயம வந்துடு” என்றார்.

பலமனேரில் என் மகள் என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். யாரோ வேற்று ஆள் என்று நினைத்திருப்பாள். அவள் அழாமல் என் கைக்கு வரப் பல வார லீவுகள் பிடித்தன.

ஆகவே தம்பிகளே, ஜீப்பைப் பார்த்தால் பயப்படுங்கள், பரவாயில்லை. அது யாருக்காக வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒளிந்துகொள்ளுங்கள்.